இரண்டு யானைகள், ஒரு முருங்கை

போன மாதம், அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்த ஒரு கவிதைத் தொகுப்பின் மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. 96 பக்கம். கவிதைகளுக்கு முன்னால் ஒன்பது பக்கத்துக்கு ஒரு முன்னுரை. எழுதியவர் பெயருள்ள விமர்சகர். மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு சொல் மூன்றாவது முறை கண்ணில் பட்டதும் எண்ண ஆரம்பித்துவிடுவான். எண்ணினேன். 'படிமம்' 11 இடங்களில், 'குறியீடு' 14 இடங்களில். மழை ஒரு குறியீடு, சாத்திய கதவு ஒரு குறியீடு, சுவரில் ஊரும் பல்லியும் குறியீடு. எதன் குறியீடு என்று கேட்டால் பாதி இடங்களில் பதில் இல்லை.

இதைத் திருத்துவது என் வேலை இல்லை. ஒற்று மிகுமா மிகாதா என்று பார்க்கத்தான் எனக்குக் கூலி. கருத்து மிகுந்திருந்தால் அது ஆசிரியர் பாடு. ஆனாலும் அந்த ஒன்பது பக்கத்தை முடித்தபோது, மளிகைக் கடையில் எல்லாச் சரக்கையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்தது போலிருந்தது.

குறியீடு என்ற சொல்லின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நல்ல, உறுதியான சொல். வேதியியலில் தங்கத்துக்குக் குறியீடு உண்டு, கணக்கில் கூட்டலுக்கு உண்டு. 1972 ஆகஸ்ட் 15 முதல் நம் ஒவ்வொரு ஊருக்கும் ஆறு இலக்கத்தில் அஞ்சல் குறியீட்டு எண் உண்டு. 600 என்று தொடங்கினால் சென்னை. அந்த மூன்று இலக்கத்துக்கும் சென்னைக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. யாரோ ஒதுக்கினார்கள், எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். வெள்ளைப் புறா, தராசு, கறுப்புக் கொடி எல்லாம் அந்த ஜாதிதான். கறுப்புக் கொடியைப் பார்த்து யாரும் 'இதன் உட்பொருள் என்னவாக இருக்கும்' என்று யோசிப்பதில்லை. கூட்டத்துக்கு வந்திருக்கும் அமைச்சருக்கு உடனே புரிந்துவிடுகிறது.

படிமத்துக்கு வேறு வரலாறு. பழைய தமிழில் அது சிலை, திருவுருவம். உருவத்தைக் காட்டுவதால் கண்ணாடிக்குப் படிமக்கலம் என்று பெயர். 1959இல் சி.சு.செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கிய பிறகு, புதுக்கவிதையைப் பற்றிப் பேசுவதற்குச் சொற்கள் தேவைப்பட்டன. யாப்பைப் பற்றிப் பேச வழியில்லாத இடத்தில், சொற்கள் மனக்கண்ணில் எழுப்பும் உருவம் என்ற பொருளில் படிமத்தைப் பற்றிப் பேசினார்கள். அது நியாயமான தேவைதான். சொல் வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் என் மனத்தாங்கல்.

அதே வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பத்தாம் வகுப்பு. தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "மாமா, மதிமுகம் உவமைத்தொகை, முகமதி உருவகம். எது எது என்று எனக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. மனப்பாடம் செய்ய ஏதாவது வழி இருக்கிறதா?" என்றாள்.

வழி இருந்தது. தமிழில் இரண்டு பெயர் சேர்ந்து நின்றால் பின்னால் நிற்பதுதான் முதலாளி, முன்னால் நிற்பது வேலையாள். தேங்காய் எண்ணெய் என்றால் எண்ணெய். எண்ணெய்க் கிண்ணம் என்றால் கிண்ணம். அப்படியே மதிமுகம் என்றால் முகம். மதி வந்து முகத்துக்கு விசிறி வீசிவிட்டுப் போகிறது. முகமதி என்று திருப்பிப் போட்டால் முதலாளி மாறிவிடுகிறான். இப்போது பேச்சு மதியைப் பற்றி; முகம் அதற்குள் கரைந்துவிட்டது. அதனால்தான் 'மதிமுகம் வாடியது' என்று சொன்னால் காதுக்குச் சரியாக இருக்கிறது, 'முகமதி வாடியது' என்றால் இடறுகிறது. மதி வாடாது. உதிக்கலாம், தேயலாம், மேகத்தில் மறையலாம். உருவகம் செய்துவிட்டால் வினைச்சொல்லும் கூடவே வீடு மாற வேண்டும். மலரடி, அடிமலர். தேன்தமிழ், தமிழ்த்தேன். ஒரு சொல் புதிதாகச் சேர்க்காமல், இடத்தை மட்டும் மாற்றி உவமையை உருவகமாக்கும் இந்த வித்தைக்கு ஒரு மதிப்பெண் தருகிறார்கள்.

அவள் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து அக்காவின் குரல்: "பாலை இறக்கு, பொங்கப் போகிறது!" பிடிதுணியை எடுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்ததும் கேட்டேன்: "நீ இறக்கியது பாலையா, பாத்திரத்தையா?" முறைத்தாள். பாலை இறக்கு என்றால் பாலைத் தாங்கும் பாத்திரத்தை இறக்கு என்று பொருள். உள்ளே இருப்பதன் பெயர் அது இருக்கும் இடத்துக்கு ஆகி வருவது. தானியாகுபெயர் என்று இலக்கணத்தில் பெயர். "இதற்குக்கூடவா பெயர் வைத்திருக்கிறார்கள்?" என்றாள்.

வைத்திருக்கிறார்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் ஆகுபெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் 'தொன்முறை உரைப்பன' என்று ஒரு தாழ்ப்பாள் போடுகிறார். வழிவழியாகச் சொல்லி வந்திருந்தால்தான் ஆகுபெயர். உன் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது என்று அர்த்தம். பள்ளியில் இதை நான் கவனித்ததே இல்லை. அன்றைக்கு அக்காவின் தொட்டி முற்றத்தில் அந்தப் பால் பாத்திரத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பாலை இறக்கு என்று சொல்கிறோம். காய்ச்சி முடித்த பிறகு 'பாலைக் கழுவு' என்று யாரும் சொல்வதில்லை. அதே பாத்திரம், அதே பால். ஒரு வினைக்கு ஆகி வருகிறது, இன்னொன்றுக்கு வர மறுக்கிறது. பவணந்தி இதைப் பார்த்திருக்கிறார்.

மறைத்துப் பேசுவதற்கும் அவரிடம் மூன்று பெயர் இருக்கிறது. சொல்லக் கூசுவதை மாற்றிச் சொன்னால் இடக்கரடக்கல்: 'கால் கழுவி வந்தான்'. அபசகுனத்தை மாற்றிச் சொன்னால் மங்கலம்: 'இறைவனடி சேர்ந்தார்'. ஒரு கூட்டத்தார் மற்றவர்க்குப் புரியாமல் தமக்குள் பேசிக்கொண்டால் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று அந்தக் காலத்து உதாரணம். இலக்கியக் கூட்டத்தில் படிமம் என்று சொல்லும்போது எனக்கு அந்த மூன்றாவது வகை நினைவுக்கு வருகிறது. சரி, அது போகட்டும்.

உவமைக்கு வருகிறேன். இன்று நம்மிடம் 'போல' இருக்கிறது, பேச்சில் 'மாதிரி' இருக்கிறது, கொஞ்சம் மிடுக்காக எழுதினால் 'ஒத்த', 'நிகர்த்த'. தொல்காப்பியத்து உவமவியலில் உவம உருபுகள் 36. அவற்றை நாலு கூறாக வேறு பிரித்திருக்கிறார் தொல்காப்பியர். ஒப்புமை செயலில் இருக்கிறதா, பயனில் இருக்கிறதா, வடிவத்திலா, நிறத்திலா? 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே'. பயன் பற்றிய உவமைக்கு அவர் தரும் பட்டியலில் எள்ள, கள்ள, வெல்ல என்று சொற்கள் வருகின்றன. ஏளனம் செய்வது போல, திருடுவது போல, தோற்கடிப்பது போல. கையைப் பார்த்து 'மழை போல' என்பது ஒன்று, 'மழையை எள்ளும் கை' என்பது வேறொன்று. இரண்டாவதில் ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கிறது. நம்முடைய 'போல' அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று தேடினால், நிறத்துக்குரிய கூட்டத்தில் நிற்கிறது. அத்தனை உருபுகளில் ஒன்று மட்டும் பிழைத்து வந்து, மற்ற எல்லோர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது.

சங்கப் புலவர்கள் இந்தப் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுதியதாக நினைக்க வேண்டாம். குறுந்தொகையின் 'செம்புலப் பெயனீர் போல' யாருக்கும் தெரியும். அங்கே ஒப்புமை செம்மண்ணின் சிவப்பில் இல்லை, கலத்தல் என்ற செயலில்தான். பட்டியல்படி 'போல' வரக்கூடாத இடம். வந்திருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

பழைய அணிநூல்கள் சொன்னதெல்லாம் தங்கம் என்றும் நான் சொல்ல மாட்டேன். வடமொழிக் காவ்யாதர்சத்தின் வழியில் வந்த தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக்கி, அதில் உவமையை மட்டும் 24 ஆகக் கிளைக்க விட்டிருக்கிறது. இதரவிதர உவமை, மோக உவமை, பொதுநீங்கு உவமை. இத்தனை வருடம் தமிழோடு பிழைப்பு நடத்தியும் இவற்றில் பாதியை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. ஆனால் அதே நூலில்தான் தற்குறிப்பேற்றம் இருக்கிறது. என்ன ஒரு பெயர்! தன் குறிப்பை ஏற்றுதல். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டை மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. 'வாரல்' என்று கை காட்டி மறிப்பது போல அசைந்தன என்கிறார் இளங்கோ. கொடிக்கு ஒன்றும் தெரியாது. காற்று அடித்தது, ஆடியது. துக்கம் முழுவதும் கவிஞர் ஏற்றியது. சுமையை ஏற்றியது யார் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிற நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது யானைகளுக்கு வருகிறேன்.

குறுந்தொகையில் இயற்பெயர் தெரியாத புலவர்கள் சிலர் இருக்கிறார்கள். தொகுத்தவர்கள் அவரவர் பாட்டில் பளிச்சென்று நின்ற தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். குப்பைக் கோழியார் என்று ஒருவர். குப்பைமேட்டுக் கோழிகள் ஏவிவிடுவாரும் விலக்கிவிடுவாரும் இல்லாமல் தாமாகப் போரிட்டு ஓய்வது போல என் நோயும் தானாகத் தீர்ந்தால்தான் உண்டு என்று ஒரு பெண் சொல்லும் பாட்டு அவருடையது. பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். இங்கே தகப்பனுக்குப் பிள்ளை பெயர். அப்படிப் பெயர் பெற்றவர்களில் ஒருவர் மீனெறி தூண்டிலார். 54ஆம் பாட்டு. ஐந்தே அடி:

யானே ஈண்டை யேனே என்னலனே
ஏனல் காவலர் கவணொலி வெரீஇக்
கான யானை கைவிடு பசுங்கழை
மீனெறி தூண்டிலின் நிவக்கும்
கானக நாடனொடு ஆண்டொழிந் தன்றே.

நான் இங்கே இருக்கிறேன், என் நலம் அவனோடு அங்கேயே போய்விட்டது என்கிறாள். அவ்வளவுதான் செய்தி. நடுவில் இருப்பதெல்லாம் அவன் நாடு எப்படிப்பட்டது என்ற வருணனை. தினைப்புனத்துக் காவலர் கவண் வீசுகிறார்கள். அந்த ஓசைக்கு வெருண்டு, காட்டு யானை தான் வளைத்துத் தின்றுகொண்டிருந்த பச்சை மூங்கிலை விட்டுவிடுகிறது. மீனைக் கவ்விய தூண்டில் போல மூங்கில் விருட்டென்று மேலே எழும்புகிறது. தூண்டில் வெளிப்படையான உவமை. அதிலும் 'போல' இல்லை. 'இன்' என்ற வேற்றுமை உருபே போதுமானதாக இருந்திருக்கிறது. தொல்காப்பியர் இதை ஏனை உவமம் என்பார். அப்படியானால் யானை?

'கைவிடு' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யானைக்குக் கை என்றால் தும்பிக்கை. கையிலிருந்து விட்டது, அதனால் கைவிடு. ஆனால் பேசுகிறவள் யார்? கைவிடப்பட்டவள். காவலருக்கு அஞ்சி, வளைத்ததை விட்டுவிட்டுப் போனவன் யார்? அவள் அதைச் சொல்லவே இல்லை. அவன் நாட்டைப் பற்றித்தானே சொன்னாள். யாராவது கேட்டால் 'மலையில் யானை மூங்கில் தின்பதைச் சொன்னேன்' என்று சொல்லிவிடலாம். இதுதான் உள்ளுறை. 'உள்ளுறுத்து இதனோடு ஒத்துப் பொருள் முடிகென' என்று தொல்காப்பியர் வரையறுக்கிறார். உள்ளே வைத்துவிட்டேன், ஒத்துப் பார்த்து நீயே முடித்துக்கொள். முடிப்பது கேட்கிறவன் பொறுப்பு. யானை அவனாக, மூங்கில் அவளாக, கவண் அவள் வீட்டாரின் காவலாக, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார்.

இன்னொரு யானை 37ஆம் பாட்டில். பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது. பொருள் தேடிப் போனவன் திரும்பவில்லை. வருந்துகிறவளிடம் தோழி சொல்கிறாள்: அவருக்கு உன் மேல் ஆசை அதிகம், வந்து அன்பு செய்வார். அவர் போன வழியில், தன் பிடியின் (பெண் யானையின்) பசியைத் தீர்ப்பதற்காகப் பெரிய கை வேழம் யா மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டிருக்கும். 'அன்பின தோழி அவர் சென்ற ஆறே.' அவர் போன வழியே அன்புடையது.

இந்த யானை யாருக்கும் பதிலாள் இல்லை. அது யானைதான். போகிற வழியில் நிற்கும், அவன் கண்ணில் படும். பார்த்தால் வீட்டு நினைப்பு வரும், வந்தால் திரும்புவான். பொருள் யானையிலிருந்து பக்கவாட்டில் கசிகிறது. இதற்குப் பெயர் இறைச்சி. 'அன்புறு தகுந இறைச்சியுட் சுட்டலும் வன்புறை ஆகும் வருந்திய பொழுதே' என்று ஒரு நூற்பா. வருந்துகிற நேரத்தில், காட்டில் அன்பாக இருக்கும் ஒன்றைச் சுட்டிக் காட்டினால் அதுவே தேற்றுவது ஆகும். அந்தப் பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

முன்னுரைக்காரர் கையில் கொடுத்தால் இரண்டு யானையும் குறியீடு. ஒன்று வேறு ஒருவனாகிவிட்ட யானை, மற்றது யானையாகவே நின்றுகொண்டு வேலை செய்யும் யானை என்ற வித்தியாசம் அந்த ஒரு டப்பாவில் காணாமல் போய்விடும். வித்தியாசத்தைச் சொல்ல நம்மிடம் இரண்டு சொல் இருந்தது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கி, பேனாவை மூடியதும் மறந்துபோகும்படி செய்துவிட்டோம்.

இன்றைய கவிதைக்கு உள்ளுறையை அப்படியே பொருத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். உள்ளுறைக்குக் கீழே ஒரு நிலம் வேண்டும். குறிஞ்சி என்றால் புணர்தல், மருதம் என்றால் ஊடல் என்று சொல்கிறவனும் கேட்கிறவனும் முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டும். அடுக்குமாடியில் மூன்றாவது தளம் எந்தத் திணை? கனவில் வரும் நீலக் கதவை எந்த நூற்பாவில் அடைப்பது? அங்கே படிமம் வேண்டும், குறியீடும் வேண்டும். அந்த 14 இடங்களில் மூன்று நான்கில் அந்தச் சொல் சரியாகவே உட்கார்ந்திருந்தது.

உட்காராத இடம் ஒன்று. 58ஆம் பக்கத்தில் 'கொல்லை' என்று ஒரு கவிதை, பன்னிரண்டு வரி. புதிதாக மணமாகி வந்தவள் கொல்லையில் பாத்திரம் துலக்குகிறாள். முருங்கை மரத்தில் காக்கை உட்காருகிறது, கிளை ஒடிகிறது. முருங்கையின் குணம் அது, கொஞ்சம் பாரம் ஏறினாலே முறியும். மாமியார் ஒடிந்த கிளையை வேலியோரம் நட்டு, தலையில் சாணம் வைத்துவிட்டுப் போகிறார். சில நாள் கழித்துத் தளிர் விட்டிருக்கிறது. அவள் பார்க்கிறாள், மறுபடி பாத்திரம் துலக்குகிறாள். முடிந்தது. தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. முன்னுரை இதைப் பற்றி, 'முருங்கை இங்கு வேரிழந்து இடம்பெயர்க்கப்பட்ட பெண்ணின் குறியீடாகப் படிமம் கொள்கிறது' என்று சொன்னது. நான் பென்சிலால் ஓரத்தில் 'உள்ளுறை? இறைச்சி?' என்று எழுதிவிட்டேன். எனக்கே எழுதிக்கொண்டது. அழிக்க மறந்து, மெய்ப்பு அப்படியே கவிஞர் கைக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி. இளம் பெண் குரல், தயங்கித் தயங்கி.

"சார், 58ஆம் பக்கத்தில் இறைச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். கவிதையில் முருங்கைதான் சார் வருகிறது. நாங்கள் வீட்டில் சைவம்."

சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு இரண்டு யானைக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் நான் கேட்டேன்: "அந்த முருங்கைக் கிளை நீங்கள்தானே?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"இல்லை சார். நான் முருங்கை இல்லை. அந்த வீட்டுக்குப் போன புதிதில் தினமும் காலையில் அழுகை வரும். அந்தக் கிளையைப் போய்ப் பார்ப்பேன். தளிர் வந்திருக்கும். அவ்வளவுதான்."

பென்சிலை எடுத்து, என்னிடம் இருந்த நகலில் 'உள்ளுறை?' என்பதை அடித்தேன். இறைச்சிக்குப் பக்கத்திலிருந்த கேள்விக்குறியையும் அழித்தேன்.

முன்னுரையில் எதையும் மாற்ற வேண்டாம் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. போன வாரம் புத்தகம் அச்சாகி வந்தது. முதல் பிரதியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன், பழக்கதோஷம். குறியீடு பதினான்கும் அப்படியே இருந்தன. படிமம் மட்டும் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினேன். முன்னுரையின் ஏழாம் பக்கத்தில், என் கண்ணைத் தாண்டிப் போய், ஒரு படிமம் 'படிவம்' ஆகியிருந்தது.